அரிசி மண்டியில் பதிந்த எட்டுப் பாட்டு

பாட்டைப் பதிந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை அரிசி குடோனில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான், ட்ரம்பெட். என் மனைவியின் தம்பி, ட்ரம்போன். காசிமேட்டில் ஐஸ் பேக்டரி வேலை. சாக்ஸபோன் வாசிக்கிற ராயபுரத்துப் பெரியவர். துறைமுகத்தில் கப்பலை இழுத்து வரும் படகில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வியாசர்பாடி அண்ணன் தங்கை இரண்டு பேர். அண்ணனுக்கு டிரம். தங்கைக்கு பேஸ் கிட்டார். வார நாளில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். பாடுகிறவள் ஒருத்தி; காலையில் காசிமேட்டில் மீன் விற்பாள். பாட்டைப் பதிவு செய்கிற தம்பி. பாதியில் வந்து நின்ற அவனுடைய அப்பா. குடோன் அவருடையது.

எட்டுப் பேர். அப்புறம் என் மேல் வரிசை முன்பல். அது ஆடிக்கொண்டிருந்தது.

நான் ஏழாவது வரை படித்தேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. வண்டி உள்ளே வரும்போது பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லீவு நாளில் பேண்டு வாத்தியம். பதினாறு வயதிலிருந்து ட்ரம்பெட் ஊதுகிறேன். கல்யாண ஊர்வலம், மாதா தேர், சாவு. சாவுதான் அதிகம்.

புளியந்தோப்பில் ஒரு சாவு. வாசித்து முடித்து டீக்கடையில் நின்றோம். டிரம் அடிக்கிற அண்ணனைக் கூப்பிட்டுப் போக அந்த வியாசர்பாடிப் பெண் வந்தாள். அப்போது கிட்டார் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு கேளுங்கள் என்று போனை எங்கள் நடுவில் வைத்தாள். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் வாசித்தது, ரொம்ப வருஷத்துக்கு முந்தையது என்றாள். சோல், ஃபங்க் என்று இரண்டு பெயர் சொன்னாள். எனக்குப் பெயர் முக்கியமாகப் படவில்லை. ட்ரம்பெட், ட்ரம்போன், சாக்ஸ் மூன்றும் முன்னால் நின்றன. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் மூன்றும் சேர்ந்து வெட்டின. அடி கொஞ்சம் நொண்டியது. நொண்டினாலும் விழவில்லை.

மச்சான் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

“இன்னா மாமா இது, நம்ம சாவு அடியாட்டமே கீது.”

“அதனாலதாண்ணா போட்டுக் காட்டுனேன்” என்றாள் அவள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தோம். பாடுகிறவளைப் பெரியவர் கூட்டிவந்தார். கோயில் பாடல் குழுவில் சத்தம் அதிகம் என்று அவளைப் பின்வரிசைக்குத் தள்ளியிருந்தார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது. எங்கள் வாத்தியங்களுக்கு மேலே அவள் குரல் மட்டும்தான் கேட்டது. பாட்டையும் அவளே கட்டினாள். தண்ணி லாரிக்கு நிற்பது ஒரு பாட்டு. எண்ணூர் ரோட்டில் டிரெய்லருக்கு நடுவே ஸ்கூட்டியில் போகும் பெண் ஒரு பாட்டு. காலை ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு எடுத்து வைத்த மீன் குழம்பு ஒரு பாட்டு. மொத்தம் எட்டு ஆனது. ஆல்பம் போடலாம் என்று பேஸ் கிட்டார்காரி சொன்னாள். எங்களுக்கு முதல் ஆல்பம். எங்கள் தெருக்களில் வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் பல் ஆடியது.

ட்ரம்பெட்காரனுக்குப் பல்தான் சுவர். மவுத் பீஸை உதட்டில் அழுத்தி ஊதுகிறோம். உதட்டுக்குப் பின்னால் பல் நின்றால்தான் உதடு நிற்கும். இத்தனை வருஷ அழுத்தத்தில் ஈறு இறங்கிவிட்டது என்றார் பல் டாக்டர். உடனே எடுக்க வேண்டும், சீழ் வைத்திருக்கிறது, மூன்று மாதம் கழித்துப் பல் கட்டலாம் என்றார். கட்டின பல்லோடு ஊத முடியுமா என்று கேட்டேன். அவர் நேர்மையானவர். சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது என்றார்.

பாட்டைப் பதிந்து முடிக்க மூன்று ஞாயிறு கொடுங்கள் என்று கேட்டேன். திட்டினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும். உன் தம்பியிடம் சொல்லாதே என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

பதிவு செய்யும் அறை திருவொற்றியூரில் அரிசி மண்டிக்கு மாடியில். கீழே குடோன். மண்டிக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. அவருடைய மகன்தான் பதிவு செய்கிற தம்பி. நாலு சுவரிலும் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருந்தான். ஃபேன் போடக் கூடாது. சத்தம் வரும். வேர்த்து ஊற்றியது. ஆளுக்கொரு ஸ்டூல். காதில் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்துகொண்டு கட்டை விரலைக் காட்டினான். ஆரம்பித்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பேண்டு வாத்தியத்தில் நாங்கள் பாட்டை முடிப்பதில்லை. ஊர்வலம் போகிறது, வாசிக்கிறோம். பிணம் இறங்கும் இடம் வந்ததும் முன்னால் போகிறவன் கையைத் தூக்குவான். அந்த இடத்திலேயே நிற்கும். பாட்டு பாதியில் இருக்கும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். மாப்பிள்ளை கார் மண்டபத்து வாசலுக்கு வந்துவிட்டால் அதே கதை. எங்கள் எட்டுப் பாட்டையும் இரண்டு வருஷம் அப்படித்தான் வாசித்துப் பழகியிருந்தோம். டீ வந்தால் நிறுத்துவோம். மழை வந்தால் நிறுத்துவோம். முடிவு என்று ஒன்று வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. பதிவு செய்கிற தம்பி முடிப்பான் என்று நாங்கள் பார்த்தோம். நாங்கள் முடிப்போம் என்று அவன் பார்த்தான். பாடுகிறவள் பாட்டை மூன்று தடவை சுற்றி வந்துவிட்டாள். பதினோரு நிமிஷம். ஹெட்போனில் அவன் குரல் வந்தது.

“அண்ணே, எப்ப முடிப்பீங்க?”

“நீதான் கைய தூக்கவே இல்லியே நைனா” என்றான் மச்சான்.

அந்த ஞாயிறு அதோடு போயிற்று. மறுபடி, மறுபடி வாசித்தோம். நடுவில் எல்லாம் நன்றாக வந்தது. நிற்கும் இடத்தில் ஒருவர் முன்னால் நின்றார், ஒருவர் பின்னால் நின்றார். மச்சான் எப்போதும் கடைசியில் ஒரு ஊது சேர்த்து ஊதினான். அந்தத் தம்பி ஒரு வழி சொன்னான். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அணைத்துவிடலாம், நிறையப் பாட்டில் அப்படித்தான் என்றான். செய்தும் காட்டினான். பாடுகிறவள் கேட்டுவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“நாங்க இன்னும் தெருவுல பாடிகினு கீறோம். நீ வூட்டுக் கதவ சாத்திகினா எப்டி?”

இரண்டாவது ஞாயிறு பேஸ் கிட்டார்காரி ஒவ்வொரு பாட்டுக்கும் முடிவைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். நாலு எண்ணி நிறுத்த வேண்டும். தாளைப் பார்த்தால் வாத்தியம் தவறியது. வாத்தியத்தைப் பார்த்தால் தாள் தவறியது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு பாட்டு முடிந்தது. முடிவுக்கு முடிவு நான் ஊதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் பல் உள்ளே போய் வெளியே வந்தது.

நாலு மணி இருக்கும். மவுத் பீஸைத் துணியில் துடைத்தேன். துணியில் பட்ட ரத்தத்தை மடித்து மறைப்பதற்குள் பேஸ் கிட்டார்காரி பார்த்துவிட்டாள். ரத்தத்தோடு வேலை செய்கிறவள். என் முன்னால் வந்து நின்று, வாயைத் திறங்கண்ணா என்றாள். திறந்தேன். பார்த்தாள். மற்றவர்களிடம் அவளே சொன்னாள்.

மூன்று மாதம் தள்ளிப் போடலாம் என்றான் டிரம்காரன். மூன்று மாதம் கழித்து ஊத வருமா என்பதற்கு டாக்டரே பதில் சொல்லவில்லை என்றேன். பதிவு செய்கிற தம்பி தயங்கித் தயங்கிப் பேசினான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கீபோர்டுல ட்ரம்பெட் சத்தம் இருக்கு. மிச்சத்த அதுல வச்சுக்கலாம்.”

பெரியவர் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“அப்டியே சாக்ஸும் அதுல கீதா பாரு தம்பி. எனக்கு முட்டி வலி. வூட்லயே இருந்துக்கிறேன்.”

“மீன்காரி தொண்டையும் கீதா பாரு” என்றாள் பாடுகிறவள்.

அவன் சிரித்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. வழி சொன்னான், அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. மிச்சம் ஆறு பாட்டு. ஒரு ஞாயிறு. இப்படியே போனால் கீபோர்டு. என் பல் ஆறு பாட்டுக்கு நிற்கலாம். அறுபது முடிவுக்கு நிற்காது.

இறங்கி வரும்போது மச்சான் படியிலேயே நின்றான். கீழே குடோன் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் மூட்டை, கூரை வரைக்கும். நடுவில் ஒரு சந்து. கடைசியில் ரோட்டுப் பக்கம் ஷட்டர். மச்சான் அந்தச் சந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஒக்காந்துகினு வாசிச்சா எங்க போய்கினு கீறோம்னே தெரியல மாமா. கால் வேல செஞ்சாதான் எனக்கு கை வேல செய்யுது.”

நான் சந்துக்குள் போய் இந்தக் கோடியிலிருந்து ஷட்டர் வரைக்கும் நடந்து பார்த்தேன். இருபத்து நாலு காலடி. ஊர்வலத்தில் அடி எண்ணுவது என் பழக்கம். நூறு அடி ஊதினால் முப்பது அடி உதட்டுக்கு ஓய்வு விடுவேன். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடியது. ட்ரம்பெட்டை எடுத்து ஒரு ஸ்வரம் ஊதினேன். எதிரொலி இல்லை. மூட்டை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. மேலே மெத்தை மாட்டிய அறையை விட நன்றாக இருந்தது.

மேலே நின்ற தம்பியும் அதைக் கேட்டான். படியில் இறங்கி வந்தான்.

மூன்றாவது ஞாயிறு மண்டி லீவு. கூரைக் கம்பியிலிருந்து நாலு மைக் தொங்கவிட்டான். நடந்துகொண்டு வாசித்தால் சத்தம் கிட்டே வரும், தூரம் போகும் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். ஊர்வலம் என்றால் வரும், போகும் என்று பாடுகிறவள் சொல்லிவிட்டாள். டிரம்காரன் பெரிய செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தன் பழைய பேண்டு டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். பேஸ் கிட்டாருக்கு மட்டும் வயர் உண்டு. அந்தத் தம்பி வயரைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தான்.

பாட்டுக்குப் பாட்டு எத்தனை நடை என்று முதலில் முடிவு செய்தோம். ஷட்டரிலிருந்து ஆரம்பம்; இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி ஒரு நடை. தண்ணி லாரிக்குப் பத்து நடை. ஸ்கூட்டிக்குப் பன்னிரண்டு. கடைசி நடையில் திரும்ப ஷட்டர் வரும். நான் கையைத் தூக்குவேன். நிற்கும்.

நின்றது. முதல் தடவையே நின்றது. ஆறு பேரும் ஒரே அடியில். மச்சான் ட்ரம்போனை இறக்கிவிட்டு, தப்பாக ஏதாவது ஊதினேனா என்று கேட்டான். இல்லை. அவன் நம்பவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் மூன்று பாட்டு. எனக்குத் தேவையில்லாத இடத்தில் ஊத வேண்டாம் என்று பேஸ் கிட்டார்காரி உத்தரவு போட்டிருந்தாள். பெரியவர் என் வரியில் பாதியைத் தன் சாக்ஸில் எடுத்துக்கொண்டார். இரண்டு மணிக்கு ஐந்து. மிச்சம் ஒன்று. மீன் குழம்புப் பாட்டு. அதில் ட்ரம்பெட்டுக்கு ஓய்வே கிடையாது. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் பாடுகிறவளோடு பேசிக்கொண்டே போக வேண்டும். பதினாறு நடை. முந்நூற்று எண்பத்து நாலு அடி.

அதைத் தொடங்கப் போகும்போதுதான் அண்ணாச்சி வந்தார். பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, மூட்டை நடுவே நாங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவன் கையில் வயர்.

“ஏல, அரிசிக்குள்ள செருப்போடயா நடக்கிய? கழத்துங்கப்பா எல்லாரும்.”

கழற்றினோம். அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணத்துக்கா சாவுக்கா இந்த ஒத்திகை என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை, சும்மா கேட்பதற்கு என்றாள் பாடுகிறவள். அவர் ஓரத்தில் இருந்த மூட்டை மேல் உட்கார்ந்தார்.

வெறுங்காலோடு ஆரம்பித்தேன்.

நாலு நடை வரைக்கும் வலி தெரிந்தது. அப்புறம் உதடு மரத்துவிட்டது. எட்டாவது நடையில் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்ததை நாக்கு சொன்னது. மவுத் பீஸைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினேன். சத்தம் கொஞ்சம் கரகரத்தது. பாடுகிறவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் குரலைக் கரகரக்க விட்டாள். அதை யாரும் எழுதித் தரவில்லை. பன்னிரண்டு. பதின்மூன்று. வெளியே டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பெரியவர் அதையும் ஒரு வாத்தியமாக நினைத்துப் பதில் ஊதினார். பதினைந்தில் திரும்பினோம். பதினாறாவது நடையில் ஷட்டர் கிட்டே வந்தது. இருபத்து இரண்டு, இருபத்து மூன்று. ட்ரம்பெட்டை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினேன். இருபத்து நாலு.

நின்றது.

அண்ணாச்சி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தம்பி கையைக் காட்டியதும் துண்டை எடுத்து, இரும ஆரம்பித்தார். ரொம்ப நேரம் இருமினார். அரிசித் தூசிக்கு அவருக்கு எப்போதும் இருமல் உண்டாம். நாலு நிமிஷம் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் பல்லை எடுத்தார்கள். டாக்டர் அதைக் கையில் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். துவைக்கும்போது மனைவி எடுத்து ஜன்னல் மேல் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பாட்டு எட்டும் போனில் வந்தது. மீன் குழம்புப் பாட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் கால் சத்தம் கேட்கும். வெறுங்கால் சிமென்டுத் தரையில் படுகிற சத்தம். எடுத்துவிடட்டுமா என்று அந்தத் தம்பி கேட்டான். வேண்டாம் என்றோம். யார்டில் ஒரு டிரெய்லர் டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருந்தான். யார் வாசித்தது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. சீலைப் பார்த்துவிட்டு அனுப்பினேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வாசித்தார்கள். வேறு ட்ரம்பெட்காரனைக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிடவில்லை. வரிசையில் என் இடத்தைக் காலியாக விட்டார்கள். அதில் நான் நடந்தேன், கையில் ஒன்றும் இல்லாமல். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கையைத் தூக்குவது என் வேலை. மீன் குழம்புப் பாட்டைப் பாடச் சொல்லிக் கூட்டம் கேட்டது. பாடுகிறவள் மைக்கில் பதில் சொன்னாள்.

“அத ஊதுறவரு பல்லு கட்டிகினு வருவாரு. அப்ப வந்து கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கை தட்டினார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் கையைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்திருந்த டிரம்காரன் அப்படியே நிறுத்திவிட்டான்.

மூன்று மாதம் கழித்துப் பல் கட்டினார்கள். பக்கத்துப் பல் இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆடவில்லை. ஆனால் புதுப் பல் வழவழப்பு. உதட்டுக்கு அந்த இடம் புரியவில்லை. முதல் நாள் காற்றுதான் வந்தது. இரண்டாம் நாளும் காற்றுதான். பேஸ் கிட்டார்காரி மட்டும் வாரம் ஒரு தடவை போன் செய்து, எத்தனை அடி என்று கேட்பாள்.

அதனால் எண்ணுகிறேன். காலை ஷிப்டுக்கு முன்னால் திருவொற்றியூர் கடற்கரை ரோட்டில், கல் கொட்டியிருக்கும் பக்கமாக நடப்பேன். வலை உலர்த்துகிறவர்கள் இருப்பார்கள். முதலில் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை. முந்நூற்று எண்பத்து நாலு அடி மீன் குழம்புப் பாட்டை முதல் அடியிலிருந்து ஆரம்பிப்பேன். உதடு விடும் இடத்தில் நிறுத்துவேன். அந்த இடத்தில் கையைத் தூக்க மாட்டேன். அது முடிவு இல்லை.

முதலில் பதினொன்று. அடுத்த வாரம் நாற்பது. மழை விட்ட பிறகு நூற்று முப்பத்தாறு. போன ஞாயிறு இருநூற்று அறுபது.

இன்று காலை இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.